வைக்காத மருந்து

என் வயிற்றில் யாரும் மருந்து வைக்கவில்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்துச் சாமர்த்தியம் காட்டுகிற சங்கதி இல்லை இது. இந்த ஒரு வரியை அன்றைக்கு, நாலு பேர் காதில் விழும்படி நான் சொல்லியிருந்தால், இன்று ஒண்டிக்கட்டையாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மருந்து என்றால் டாக்டர் கொடுப்பது அல்ல. சோற்றிலோ குழம்பிலோ தெரியாமல் கலந்து கொடுத்துவிடுவார்கள் என்று சொல்வார்களே, அந்த மருந்து. புருஷனை முந்தானையில் முடிந்துகொள்ளப் பெண்டாட்டி வைப்பாள், பகை தீர்த்துக்கொள்ளப் பங்காளி வைப்பான் என்று எங்கள் ராயபுரத்துச் சந்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். அது குடலில் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கி எலும்பாக்கிவிடுமாம். வயிற்றுவலி என்று இரண்டு தடவை சொன்னால் போதும், மூன்றாவது தடவை எதிர்வீட்டுக்காரி, "யாராச்சும் மருந்து கிருந்து வச்சிருப்பாங்களா?" என்று கேட்டுவிடுவாள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தோல் கிடங்கில் வேலை. பதனிட்ட தோல்களை அழுத்திக் கட்டி, மேலே சாக்கு சுற்றிக் கப்பலுக்கு அனுப்புவார்கள். அந்தக் கட்டுகளின் மேல் தகர அச்சை வைத்து, கறுப்பு மையைத் தோய்த்து, போகிற ஊரின் பெயரைப் போடுவது என் உத்தியோகம். காலை முதல் சாயங்காலம் வரை லண்டன், லண்டன் என்று போட்டுக்கொண்டிருப்பேன். இங்கிலீஷ் எழுத்து தெரிந்தவன் என்று சந்தில் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. கடுதாசி வந்தால் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். அந்த மதிப்புக்கு நான் எவ்வளவு லாயக்கானவன் என்பது போகப்போகத் தெரியும்.

அப்பா அம்மா இல்லை. புருஷனை இழந்து வந்த அக்காதான் என்னை வளர்த்தாள். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் எனக்குக் குடல்வால் வீங்கி உடைந்துபோனது. ஜட்கா வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூக்கில் துணியை வைத்து மயக்கம் கொடுத்து வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே சீழ் பரவியிருந்ததாம். ஆறு வாரம் கிடந்து பிழைத்து வந்தேன். தொப்புளுக்குக் கீழே வலது பக்கம் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு. அது ஆறியதும் எல்லாரும் அதை மறந்துவிட்டோம். வெளியே ஆறிவிட்டால் உள்ளேயும் ஆறிவிட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள்.

மறுவருஷம் ஆவணியில் அக்காவே பெண் பார்த்து முடித்துவைத்தாள். பெண் காட்டுப்பள்ளி. எண்ணூர் வரைக்கும் ரயிலில் போய், அங்கே உப்பங்கழியைப் படகில் கடந்து, மணலில் நடந்தால் வரும் ஊர். அவள் அப்பா மீன் பிடிக்கிறவர். நகரத்து வீட்டுக்குள் அவளால் அடங்கி உட்கார முடியவில்லை. குரல் தெருக்குழாய் வரைக்கும் கேட்கும். சிரித்தால் அதற்கு அப்பாலும் கேட்கும். கடற்கரையில் காற்றோடு போட்டி போட்டுப் பேசிப் பழகிய குரல். கூடத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குச் சொல்வதையும் கழிக்கு அந்தாண்டை நிற்கிறவருக்குச் சொல்வதுபோலத்தான் சொல்வாள். எனக்கு அது பிடித்திருந்தது. அவளிடம் அதைச் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் அதையெல்லாம் யார் சொன்னார்கள்?

முதல் பொங்கலுக்கு அவள் அம்மா வீட்டிலிருந்து ஒரு கட்டு பனங்கிழங்கு வந்தது. மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்துத் தட்டில் கொட்டினாள். எனக்குப் பனங்கிழங்கு என்றால் கொள்ளை ஆசை. நார் பல்லில் மாட்டுவதைக்கூடப் பொருட்படுத்தாமல் ஏழோ எட்டோ தின்றேன்.

மறுநாள் காலையில் வலி ஆரம்பித்தது. தொப்புளைச் சுற்றிப் பிடித்து முறுக்கும், உயிர் போய்விட்டது என்று நினைக்கும்போது விட்டுவிடும். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி பிடிக்கும். வயிறு உப்பித் தம்பட்டமாக நின்றது. முதலில் தின்றது வந்தது, பிறகு பச்சையாகப் பித்தம் வந்தது. கீழே போக வேண்டியது ஒன்றும் போகவில்லை, காற்றுகூடப் பிரியவில்லை. வலி பிடிக்கும்போதெல்லாம் வயிற்றுக்குள் கடகடவென்று சத்தம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள்.

"ரயிலு போவுதுய்யா உள்ள," என்றாள். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் எப்படியோ தானாக வழி விட்டது. காற்றுப் பிரிந்தது. ஒரு மனுஷனுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் உலகத்தில் இருக்க முடியாது. இதை அனுபவித்தவன்தான் அறிவான். அவள் சந்து முழுக்கக் கேட்கும்படி சிரித்துவிட்டு ஓடிப்போய் ரசம் வைத்தாள்.

அடுத்து மாசியில் ஒரு தடவை. பிறகு சித்திரையில், பலாச்சுளை தின்ற மறுநாள். ஆனியில் இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் அக்கா பேதிக்கு விளக்கெண்ணெய் கொடுத்தாள். போகிற வழி அடைத்துக் கிடக்கும்போது மேலேயிருந்து தள்ளினால் என்ன ஆகும்? வலி இரண்டு பங்கானது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. வயிறு போகவில்லை என்றால் விளக்கெண்ணெய், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று என் பெண்டாட்டி இரண்டு தடவை சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். மறுபடி கத்தியை வைத்துவிடுவார்கள் என்ற பயம். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "தானா சரியாப்பூடும்," என்று வீறாப்பாகச் சொன்னேன்.

நான் இளைத்துக்கொண்டே வந்தேன். அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் தம்பி கல்லைத் தின்றாலும் செரிக்கும். கல்யாணத்துக்குப் பிறகு தின்றதெல்லாம் வாந்தி. முதல் தடவை வந்தது அவள் அம்மா வீட்டுக் கிழங்கைத் தின்று.

"நானே என் கண்ணால பாத்து இட்டாந்தேனே," என்று அக்கா அழுததை நான் கேட்டேன். "கழிக்கு அந்தாண்ட பொம்பளைங்க மருந்து வைப்பாளுங்கன்னு சொன்னாங்களே, நான்தான் காதுல வாங்கிக்கல."

அடுப்படியில் நின்ற என் பெண்டாட்டிக்கும் அது கேட்டது. கேட்கட்டும் என்றுதான் அக்கா சொன்னாள். அன்றிலிருந்து என் பெண்டாட்டியின் குரல் குழாயடி வரைக்கும் போகவில்லை.

ஆடியில் கொடுங்கையூர்ப் பக்கத்திலிருந்து மருந்து எடுக்கிற ஒருவரை அக்கா வரவழைத்தாள். அந்த மகானுபாவர் ஒரு பித்தளைக் குழலும் கொஞ்சம் பச்சிலையும் கொண்டுவந்திருந்தார். என்னை வெறும் வயிற்றோடு படுக்கச் சொல்லி, பச்சிலைச் சாற்றை வயிற்றில் பூசி, தொப்புளுக்குப் பக்கத்தில் குழலை வைத்து மறுமுனையில் வாயால் உறிஞ்சினார். கண் பிதுங்க மூன்று தடவை உறிஞ்சினார். பிறகு வாயிலிருந்து எதையோ ஒரு வாழையிலையில் துப்பினார். சுண்டைக்காய் அளவில் கறுப்பாக ஒரு உருண்டை. அதைக் குச்சியால் பிரித்தார். உள்ளே நீளமாக ஒரு தலைமயிர்.

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. எல்லாரும் இலையைப் பார்த்தார்கள், பிறகு என் பெண்டாட்டியின் தலையைப் பார்த்தார்கள். அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தல்.

அந்த உருண்டையை அவர் வீட்டிலிருந்தே கன்னத்தில் அடக்கிக்கொண்டு வந்திருப்பார் என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு? லண்டன் என்று பிசகில்லாமல் எழுதத் தெரிந்த நான், அந்த மயிரைப் பார்த்ததும் நம்பினேன். முழுசாக நம்பவில்லை, பாதிதான் நம்பினேன் என்று என்னை நானே ரொம்ப காலம் தேற்றிக்கொண்டேன். பாதி நம்புவது என்று ஒன்று கிடையாது.

"நான் வைக்கல," என்றாள் அவள். அக்காவிடம் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"வைக்கலன்னா கோயில்ல சூடத்த அணைச்சி சத்தியம் பண்ணட்டும்," என்றாள் அக்கா. எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. அம்மன் முன்னால் எரிகிற சூடத்தை வெறும் கையால் அறைந்து அணைக்க வேண்டும். பொய் சத்தியம் பண்ணினால் அம்மன் பார்த்துக்கொள்வாள்.

தெருக்கோடி அம்மன் கோயிலுக்குப் போனோம். பின்னால் கூட்டமும் வந்தது. கல்லில் சூடத்தை வைத்து ஏற்றினார்கள். அவள் கையை நீட்டவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லுய்யா. நான் வச்சிருப்பேன்னு நீ நெனைக்கிறியா? இல்லன்னு ஒரு வார்த்த சொல்லு, நான் இப்டியே வூட்டுக்கு வரேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் அக்காவைப் பொய்க்காரி ஆக்கியதுபோல. அத்தனை பேருக்கு முன்னால் பெண்டாட்டிக்குப் பரிந்து பேசினால், "பாத்தியா, மருந்து வேலை செய்யுது," என்பார்கள். இப்படியெல்லாம் எனக்கு யோசனை ஓடியது. அவளைப் பற்றி மட்டும் யோசனை ஓடவில்லை.

"ஒரு தபா அணைச்சிடேன்," என்றேன். "அக்காவுக்கு மனசு ஆறிடும்."

"அக்காவுக்கா, உனுக்கா?"

நான் எரிகிற சூடத்தைப் பார்த்தேன். அவள் திரும்பிச் சூடத்தின் மேல் கையை வைத்து அறைந்தாள். நெருப்பு அணைந்த பிறகும் கையை எடுக்காமல் வைத்திருந்தாள்.

மறுநாள் நான் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பியபோது அவள் இல்லை. சோறு வடித்து மூடிவைத்திருந்தது. காட்டுப்பள்ளிக்குப் போய்விட்டாள் என்று அக்கா சொன்னாள். அவளாகப் போனாள், அவளாக வரட்டும் என்று நான் சொன்னேன். ஆண்பிள்ளைப் பேச்சு. சொல்லிவிட்டு அந்தச் சோற்றைத் தின்ன முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம் நாலு மாசம் எனக்கு வலியே வரவில்லை. மருந்தை எடுத்ததும் எப்படிக் குணமாயிற்று பார் என்று அக்கா சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கே அப்படித்தான் தோன்றியது. இந்த நாலு மாசத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் நன்றாக இருந்த ஒவ்வொரு நாளும் அவளுக்கு எதிரான சாட்சியாகப் போயிற்று.

கார்த்திகையில் மறுபடி வந்தது. அக்கா சமைத்ததைத் தின்றுதான் வந்தது.

பழைய மருந்தின் வேர் உள்ளே நின்றுவிட்டது என்று முதலில் சொன்னாள். தை மாசமும் வந்தது. பங்குனியில் வந்தபோது எதிர்வீட்டுக்காரி அக்காவையே ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தாள். குழாயடியில் அக்கா போனால் பேச்சு நின்றுவிடும். ஒரு நாள் நான் சாப்பிட உட்கார்ந்தபோது அக்கா என் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்து முதலில் தான் தின்றுகாட்டினாள். என் அக்கா, என்னைத் தூக்கி வளர்த்தவள், எனக்குத் தின்றுகாட்டினாள். அந்த மாசமே வியாசர்பாடியில் கட்டிக்கொடுத்திருந்த தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். "என் மேலயும் பழி வரும்டா, நைனா," என்று மட்டும் சொன்னாள். நான் இருக்கச் சொல்லவில்லை.

பிறகு நானே எனக்குச் சமைத்துக்கொண்டேன். குழைந்த சோறு, ரசம், கஞ்சி. அப்படியும் வந்தது. என் கையால் பொங்கி நானே தின்று, நானே தரையில் சுருண்டு கிடந்தபோது, எனக்கு நானே மருந்து வைத்துக்கொண்டேனா என்று கேட்டுக்கொண்டேன். கேட்கிற அளவுக்குப் புத்தி வந்ததே தவிர, அதற்கு மேல் யோசிக்க வரவில்லை.

ஏறக்குறைய இரண்டரை வருஷம் அப்படி இருந்தேன். கிடங்கில் மத்தியானம் எல்லாரும் நிழலில் வட்டமாக உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்து மாற்றி மாற்றிச் சாப்பிடுவார்கள். "இன்னா மாமு, இன்னிக்கும் கஞ்சிதானா?" என்று முதலில் கேலி செய்தார்கள். பிறகு கேலியும் நின்றது. மருந்து விழுந்த வயிறு என்று தெரிந்தபின் என் பக்கத்தில் உட்கார்ந்து தின்ன யாருக்கும் மனசு வரவில்லை. நான் தோல் கட்டுகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து குடித்துவிட்டு வருவேன். கல்யாணத்துக்குப் போனால் மொய் எழுதிவிட்டுப் பந்திக்கு முன்னாலேயே கிளம்பிவிடுவேன். கொஞ்ச நாளில் அழைப்பும் நின்றது. வலி வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக்கொள்வேன். வயிற்றில் காதை வைத்துக் கேட்க ஆளில்லை. வழி விட்டு, காற்றுப் பிரிந்து, உயிர் திரும்பி வந்தால் அதைச் சொல்லவும் ஆளில்லை. இப்படி ஒரு நல்ல சேதியைச் சந்தில் யாரிடம் போய்ச் சொல்வது? பெண்டாட்டியிடம்தான் சொல்ல முடியும்.

கடைசியில் ஒரு தடவை அது தானாக விடவில்லை. மூன்று நாள் ஆகியும் விடவில்லை. வாந்தி மலவாடை அடித்தது. முனகல் கேட்டு எதிர்வீட்டுக்காரிதான் கதவைத் தள்ளித் திறந்து ஆளைக் கூப்பிட்டாள். இவ்வளவு பேச்சும் கிளப்பியவள் அவள்தான், என் உயிரைக் காப்பாற்றியவளும் அவள்தான். அவளை வைவதா கும்பிடுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ரப்பர் குழாயை மூக்கு வழியாக வயிற்றுக்குள் விட்டு எல்லாவற்றையும் இறைத்தார்கள். தொடையில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். பிறகு பழைய தழும்பின் மேலேயே மறுபடி திறந்தார்கள். நாலைந்து நாள் கழித்து எனக்கு நினைப்புத் தெளிந்தபின், தமிழ் பேசுகிற ஒரு சின்ன டாக்டர் கட்டிலோரம் நின்று விளக்கினார்.

"போன தடவை உள்ளே சீழ் கட்டியிருந்ததில்லையா? அது ஆறும்போது குடலும் குடலும் ஒட்டிக்கிச்சு. ஒரு இடத்துல நார் மாதிரி வளர்ந்து குறுக்கே இறுக்கிப் பிடிச்சிருந்தது. சின்னதா, குழைவா சாப்பிட்டா பெரும்பாலும் நழுவிப் போயிடும். நாரா, சக்கையா எதையாவது தின்னா அங்கே போய் அடைச்சுக்கும். பனங்கிழங்கு, பலாப்பழம் மாதிரி."

பனங்கிழங்கு என்று அவராகச் சொன்னார். நான் கேட்கவில்லை.

"உள்ள மயிரு எதுனா இருந்துச்சா, சார்?" என்றேன்.

"மயிரா?"

"கறுப்பா ஒரு உருண்டை. மருந்து மாதிரி."

மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, என் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். "உன் வயித்துக்குள்ள உன் குடலைத் தவிர வேற ஒண்ணும் இல்லப்பா," என்றார். "வயித்தைத் திறந்தா சிலருக்கு இப்படி ஆகும். இப்ப அறுத்து விட்டிருக்கோம், திரும்பவும் ஒட்டலாம். யாரோட தப்பும் இல்லை."

அவர் வயிற்றைப் பற்றிச் சொன்னார். அவர் போனபின் நான் அழுதேன். வலி என்று நினைத்து நர்ஸம்மா வந்து தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

எழுந்து நடக்க இரண்டு மாசம் ஆயிற்று. நடக்க முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எண்ணூருக்கு ரயில் ஏறினேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே போனேன். டாக்டர் சொன்ன ஒரு சொல்கூட விட்டுப்போகக் கூடாது என்று நினைத்தேன். அவளுக்கு அவள் பெயரைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன், இத்தனை நாள் தலையில் சுமந்த பழி இறங்கியதும் அவள் அழுவாள், பிறகு என்னோடு வருவாள் என்று கணக்குப் போட்டுவைத்திருந்தேன். படகில் கழியைக் கடக்கும்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவள் குடிசைக்கு வெளியே மணலில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தாள். இளைத்துக் கறுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குடல் ஒட்டியது, நார் இறுக்கியது, பனங்கிழங்கு அடைத்தது, உள்ளே மருந்தும் இல்லை மயிரும் இல்லை என்று டாக்டரே கண்ணால் பார்த்தது. அவள் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"முடிஞ்சிதா?" என்றாள்.

"முடிஞ்சிது."

"நான் வைக்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமேய்யா. அத்த எங்கிட்ட சொல்லவா இம்மாந்தூரம் வந்தே?"

உண்மைதானே, அவளுக்குத் தெரியாததை நான் என்ன கொண்டுவந்துவிட்டேன்? இதை அவளைத் தவிர மற்ற எல்லாரிடமும் நான் சொல்லியிருக்க வேண்டும். அதுவும் டாக்டர் வந்து சொல்வதற்கு முன்னால்.

"வூட்டுக்கு வா," என்றேன்.

"டாக்டரு சொன்னாருன்னு கூப்புட்றே. நாளைக்கி வேற யார்னா வேற சொன்னா?" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

வெயிலில் நின்றதில் எனக்குத் தலை சுற்றியது. தண்ணீர் கேட்டேன். அவள் அசையவில்லை. தாழ்வாரத்தில் இருந்த பானையைக் காட்டினாள்.

"அதோ கீது. மொண்டு குடி."

"நீ குடேன்," என்றேன்.

"மாட்டேன்யா. திரும்பிப் போற வழில உனுக்கு வயிறு வலிச்சா?"

நானே போய் மொண்டு குடித்தேன். தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரித்தது. குவளையை அவளிடம் கொடுக்கக் கையை நீட்டினேன். அவள் மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அங்கியே கவுத்து வச்சிட்டுப் போ," என்றாள்.